‘நோக்கம்’ என்ற சொல்லும் இருபத்தொரு தீவுகளும்
கடல் பாதுகாப்புப் பிரதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கவிதையை வாசித்தோம், நாவலை வாசித்தோம், சினிமா போஸ்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாமே பிரதிதான் என்று தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் எழுதத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அரசிதழில் வருகிற ஒரு அறிவிக்கையை, ஒரு சட்டப் பிரிவை, ஒரு தீர்ப்பின் பத்தியைப் பிரதியாக எடுத்துப் பிரித்துப் பார்த்தவர்கள் நம்மிடையே மிகவும் குறைவு. அதெல்லாம் வக்கீல் சமாச்சாரம், அல்லது சூழலியல்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இலக்கியப் பிரதி நமக்கு, அதிகாரத்தின் பிரதி அவர்களுக்கு என்கிற இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்துவைத்தார்கள் என்று தெரியவில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சட்டப் பிரிவில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு ‘உம்’மைக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதிய மரபு நம்முடையது. இது எச்ச உம்மையா, எதிர்மறை உம்மையா, சிறப்பும்மையா என்று சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் மல்லுக்கு நின்ற ஊர் இது. இலக்கணத்தில் ஒரு இடைச்சொல்லுக்குக் கொடுத்த அந்தக் கவனத்தை, பல ஆயிரம் பேருடைய பிழைப்பைத் தீர்மானிக்கிற ஒரு சொல்லுக்குக் கொடுத்தால் என்ன? இந்தக் கட்டுரை அவ்வளவைத்தான் செய்ய முயல்கிறது. எடுத்துக்கொண்ட இடம் மன்னார் வளைகுடா. எடுத்துக்கொண்ட கேள்வி இது: கடலைக் காப்பாற்றுவதற்கென்று அறிவியலின் பெயரால் எழுதப்படும் பிரதிகளில், அறிவியல் எங்கே உறுதியாகப் பேசுகிறது, எங்கே தயங்குகிறது? அந்தத் தயக்கத்தின் பலன் யாருக்குப் போகிறது?

2

முதலில் கொஞ்சம் வம்சாவளி பார்க்கலாம். மன்னார் வளைகுடா பற்றிய நவீன அறிவியல் எங்கிருந்து தொடங்குகிறது? முத்துச் சிப்பியை எண்ணுவதிலிருந்து. எந்தப் பாரில் எவ்வளவு சிப்பி விளைந்திருக்கிறது, இந்த வருஷம் முத்துக்குளிப்பு நடத்தினால் சர்க்காருக்கு எவ்வளவு வரும் என்பதுதான் முதல் கேள்வி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890ஆம் ஆண்டையொட்டி இந்த வளைகுடாவின் முத்து, சங்குத் தொழிலையும் கடல் உயிர்களையும் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். இதே தர்ஸ்டன்தான் பின்னால் தென்னிந்தியாவின் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளாக 1909இல் கொண்டுவந்தவர். மனிதர்களின் மூக்கை அளவுகோல் வைத்து அளந்தவர். பவளத்தை வகைப்படுத்திய கையும் பரதவரை வகைப்படுத்திய கையும் ஒன்று. பூக்கோ படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தர்ஸ்டனுக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு பற்றித் தனி நூலே (1914) எழுதினார். அவர் பார்த்த உத்தியோகமும் முத்து, சங்குத் தொழிலை மேற்பார்வை பார்ப்பதுதான்.

சுதந்திரத்தை ஒட்டி, 1947 பிப்ரவரியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையிடம் மண்டபம். கொச்சிக்கு மாறியது பிறகு. தலைப்பிலேயே சொல் இருக்கிறது பாருங்கள்: வளம். கடல் என்பது வளம், வளம் என்பது அளக்கத்தக்கது, அளக்கத்தக்கது நிர்வகிக்கத்தக்கது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி காலனியத்துடையது. கடைசிக் கண்ணி நம்முடைய ஐந்தாண்டுத் திட்டங்களுடையது.

இந்த வம்சாவளியைச் சொல்வதால் அந்த அறிவு பொய்யாகிவிடாது. இங்கேதான் நம் கோட்பாட்டு நண்பர்கள் பலர் சறுக்குகிறார்கள். அறிவு அதிகாரத்தின் மடியில் பிறந்தது என்று சொல்லிவிட்டால் அந்த அறிவைத் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறார்கள். சிப்பியை எண்ணப் போனவர்கள்தான் போகிற போக்கில் பவளத்தையும் கடற்பஞ்சையும் கடலட்டையையும் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் இன்று எது போய்விட்டது, எது மிச்சம் என்று சொல்வதற்கு நமக்கு ஆதாரம் கிடையாது. வம்சாவளி நமக்குச் சொல்வது வேறொன்று. இந்த அறிவியல் கேட்கப் பழகிய கேள்வி ‘என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது’ என்பது. ‘யார் இருக்கிறார்கள்’ என்பது அது கேட்கப் பழகாத கேள்வி. அந்தப் பழக்கம் பாதுகாப்புச் சட்டத்தின் அமலாக்கத்திலும் அப்படியே தொடர்கிறது.

3

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருபத்தொரு தீவுகள். குருசடை, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, காரைச்சல்லி, வான்தீவு என்று அவற்றின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே போதும். நல்லதண்ணி எங்கே, உப்புத்தண்ணி எங்கே என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. போய், இறங்கி, ஊற்றுத் தோண்டிக் குடித்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். ஒரு தீவின் பெயர் அதன் உபயோகத்தின் ஆவணம்.

1986இல் தமிழ்நாடு அரசு இந்தத் தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலையும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டரை, கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பாடப்புத்தகத்திலும் போட்டித் தேர்வுக் கையேட்டிலும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் பிரதியை எடுத்துப் பார்த்தால் அது அறிவித்தது பூங்காவை அல்ல. பூங்கா அமைக்கும் நோக்கத்தை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 35ஆவது பிரிவு இரண்டு கட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. உட்பிரிவு 1இன்படி அரசு தன் நோக்கத்தை அறிவிக்கிறது. உட்பிரிவு 4இன்படி இறுதி அறிவிக்கை வெளியிடுகிறது. இரண்டுக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும்? மாவட்ட ஆட்சியர் அந்த எல்லைக்குள் யார் யாருக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் வட்டார மொழியில் பிரகடனம் செய்ய வேண்டும். உரிமை கோருகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தீர்த்து, கையகப்படுத்துவதானால் ஈடு கொடுத்து, பிறகுதான் இறுதி அறிவிக்கை. கடற்பகுதியைச் சேர்ப்பதானால் உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே எல்லை வகுக்க வேண்டும் என்றும் 1991 திருத்தம் சேர்த்தது. இந்த விசாரணையை இயன்றவரை இரண்டு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதற்கும் பின்னால் ஒரு திருத்தம் வந்தது.

ஆக, ‘யார் இருக்கிறார்கள்’ என்ற கேள்வி சட்டத்துக்குள் இல்லாமல் இல்லை. 1க்கும் 4க்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில்தான் அது இருக்கிறது. தெரிதாவிடம் போகவேண்டிய அவசியமே இல்லை. பிரதியின் அர்த்தம் அதன் இடைவெளியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டுமா?

இந்த இடைவெளிக்குள் இரண்டு தரப்பு வந்து நின்றது.

முதல் தரப்பு, பாம்பன், மண்டபம் கரையோரத்துப் பாசி எடுக்கிற பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று கடலின் தரையிலேயே வாழ்க்கை நடத்துகிறவர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலில் தகடோ செருப்போ கட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கிப் போய் எடுத்து வருகிற வேலை. தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற பார்தான் இவர்களுடைய வயல். பூங்கா வந்த பிறகு, குறிப்பாக 2000க்குப் பின் கெடுபிடி இறுகிய பிறகு, வனத்துறையின் கணக்கில் இவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள். பிடிபட்டால் அபராதம், பாசி பறிமுதல். இவர்களைப் பொறுத்தவரை பூங்கா முழுமையாக இருந்தது. 35(1)ஆ, 35(4)ஆ என்று யாரும் இவர்களுக்கு உரை சொல்லவில்லை.

இரண்டாவது தரப்பு, தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை. 1994இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த தடையின்மைச் சான்றில், சூழலியல்ரீதியாக நுட்பமான பகுதியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் ஆலை இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஆலையோ இருபத்தொரு தீவுகளில் நான்குக்கு, அதாவது வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகியவற்றுக்கு, 25 கிலோமீட்டருக்குள் வருகிறது என்று கண்டது சென்னை உயர் நீதிமன்றம். இதையும் ஒரு காரணமாகக் கொண்டு 2010 செப்டம்பரில் ஆலையை மூடச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 2ஆம் தேதித் தீர்ப்பில், மாசுபடுத்தியதற்காக ஆலைக்கு நூறு கோடி ரூபாய் விதித்த உச்ச நீதிமன்றம், மூடும் உத்தரவை ரத்து செய்தது. தீவுகள் விஷயத்தில் அது பார்த்தது இதைத்தான்: 1986இல் வந்தது 35(1)இன் கீழான நோக்க அறிவிக்கை மட்டுமே, 35(4)இன் கீழ் இறுதி அறிவிக்கை வரவில்லை, எனவே பூங்காவுக்கு அருகில் இருக்கிறது என்கிற காரணத்தைச் சொல்லி ஆலையை மூட உத்தரவிட்டிருக்கக் கூடாது.

சட்டத்தை எழுத்தெண்ணி வாசித்தால் நீதிமன்றத்தின் வாசிப்பில் தவறு சொல்ல முடியாது. உட்பிரிவு 4 வரவில்லை என்பது உண்மை. என்னுடைய கேள்வி அந்தத் தீர்ப்பைப் பற்றியது அல்ல. இரண்டு வாசிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதுதான். 27 வருஷமாக நிலுவையில் கிடந்த கட்டம், மீனவர்களின் உரிமையை விசாரித்துத் தீர்த்த பிறகே வரக்கூடிய கட்டம். அது முடியாமல் கிடந்ததன் பலன் நியாயமாக யாருக்குப் போயிருக்க வேண்டும்? உரிமை தீர்க்கப்படாதவர்களுக்கு. போனது யாருக்கு? ஆலைக்கு. பாசிக்காரப் பெண்ணுக்கு இருந்த பூங்கா தாமிர உருக்காலைக்கு இல்லாமல் போனது. ஒரே கடல், ஒரே சட்டம், ஒரே அறிவிக்கை. ‘நோக்கம்’ என்ற சொல் ஒருத்திக்கு வேலி, இன்னொருவருக்கு வாசல்.

ஆலை பிறகு 2018 மே மாதம், பதின்மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பின்னால், அரசாணையால் மூடப்பட்டது. மூடியது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்த மூடலைக் கொண்டுவந்தது பவளமோ, பூங்காவோ அல்ல. நான்கு தீவுகளில் ஒன்றான விலாங்குசல்லி, பவளம் வெட்டியும் அரிப்பெடுத்தும், ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டது. நோக்கம் இன்னும் நோக்கமாக இருக்கையிலேயே தீவு போய்விட்டது.

4

இனி, சந்தேகத்துக்கு வருவோம். சூழலியல் சட்டத்தில் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. 1992 ரியோ பிரகடனத்தின் பதினைந்தாவது கொள்கை. அதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: மீட்க முடியாத கேடு வரும் என்ற அச்சுறுத்தல் இருக்கையில், முழுமையான அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. உரையாசிரியர் கண்ணோடு பார்த்தால் இது இரட்டை எதிர்மறை. உறுதி ‘இல்லை’ என்பதால் தள்ளிப்போடக் ‘கூடாது’. ‘உறுதி இல்லாவிட்டாலும் செய்’ என்று உடன்பாட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்தேகத்தை ஒழிக்காமல், சந்தேகத்தின் பலனை மட்டும் இடம் மாற்றுகிறது இந்த வாக்கியம். சந்தேகம் இருந்தால் அதன் பலன் கடலுக்கு, நதிக்கு, தொழிற்சாலைக்கு அல்ல.

இந்தக் கோட்பாடு இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்த வாசல் பாலாறு என்பது நமக்குப் பெருமையா, துக்கமா தெரியவில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தன் செயலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது என்றது. அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைக் குளங்கள் கூடாது என்று அதே நீதிபதி குல்தீப் சிங்கின் அமர்வு தீர்ப்பளித்தது. நாகை, தஞ்சைக் கரையோரத்தில் உப்பேறிய வயலும் கிணறும் அந்த வழக்கின் சாட்சிகள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன் 27ஆவது பிரிவு, கடலோர மண்டல அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று பழைய அறிவிக்கைக்குள்ளேயே ஒரு வரியைச் செருகியது. எந்தத் தேதியிலிருந்து? 1991 பிப்ரவரி 19ஆம் தேதியிலிருந்து. அதாவது மூல அறிவிக்கை பிறந்த அன்றே அந்த வரி அதில் இருந்ததாகக் கருத வேண்டும். இடைச்செருகல் பற்றிப் பதிப்பாசிரியர்கள் நூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நாடாளுமன்றம் ஒரே பிரிவில் அதைச் சட்டமாக்கிவிட்டது. 1996க்கும் 2005க்கும் நடுவில் உப்பு நீரின் வேதியியல் மாறியதா? இல்லை. மாறியது பிரதி. 2019 ஜனவரியில் வெளியான கடலோர அறிவிக்கையும் இப்படித்தான். ஜன நெருக்கம் கூடிய கிராமப்புறக் கரையில் கட்டடம் கட்டக் கூடாத பகுதி, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டராக இருந்தது 50 மீட்டராகச் சுருங்கியது. கடல் மட்டம் உயர்கிறது என்று அதே அரசின் விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அலையா பின்வாங்கியது?

பாலாற்றுக்கு என்ன ஆயிற்று? 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே தோல் ஆலைகள், அதே பாலாறு, அதே ஈட்டுத்தொகை பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. கோட்பாடு பிறந்து 28 வருஷம் கழித்து, அது பிறந்த வீட்டிலேயே மறுபடியும் அதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

சேது சமுத்திரத் திட்டத்தையும் இந்த இடத்தில் வாசித்துவிடலாம். உயிர்க்கோளக் காப்பகம் என்று 1989இல் அறிவிக்கப்பட்ட 10,500 சதுர கிலோமீட்டர் கடலை ஒட்டி, 167 கிலோமீட்டர் நீளத்துக்குக் கப்பல் வழி. தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானது 2004இல். அந்த டிசம்பரில் சுனாமி. 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் தொடக்க விழா. தூர்வாரும் மண் எங்கே போகும், பவளத்தின் மேல் படியுமா, புயல் காலத்தில் வழி தூர்ந்துபோகுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் கிடைத்த பதில், கண்காணித்துக்கொண்டே செய்யலாம் என்பதுதான். பாசி எடுக்கிற பெண்ணிடம் யாராவது, நீ எடுத்துக்கொண்டே இரு, நாங்கள் கண்காணிக்கிறோம் என்று சொன்னதுண்டா? 2007இல் உச்ச நீதிமன்றம் இட்ட தடை பொதுவெளியில் ராமர் பெயரால்தான் வாசிக்கப்பட்டது. சூழலுக்கும் பொருளாதாரத்துக்கும் இது உதவாது என்று பச்சௌரி குழு சொன்ன பிறகும், திட்டத்தைத் தொடரவே 2013இல் மத்திய அரசு விரும்பியது. நிபுணர் குழுவால் ஆகாததைப் புராணம் செய்தது என்பது அறிவியலுக்கும் கேவலம், பகுத்தறிவு பேசுகிற நமக்கும் கேவலம்.

5

சிறியவர்கள் விஷயத்தில் மட்டும் அறிவியல் தயங்குவதில்லை. 2001இல் கடலட்டை இனங்கள் அனைத்தும் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின. புலிக்கு என்ன பாதுகாப்போ அது கடலட்டைக்கும். அளவு பார்த்துப் பிடிப்பது, பருவம் பார்த்துப் பிடிப்பது போன்ற நடுவழிகள் எல்லாம் அத்தோடு அடைபட்டன. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில், அதே அட்டை உரிமம் பெற்ற தொழில். பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். கடல் ஒன்று, அட்டை ஒன்று. இந்தப் பக்கம் எடுத்தவன் குற்றவாளி, அந்தப் பக்கம் எடுத்தவன் ஏற்றுமதியாளன். தடைக்கு அறிவியல் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அட்டை மெதுவாக நகர்வது, எளிதில் அள்ளப்படுவது, அள்ளிய இடத்தில் மீள நாளாவது. தடை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தடையை எப்போது, எந்தக் கணக்கெடுப்பின் பேரில் மறுபரிசீலனை செய்வது என்று பிரதியில் ஒரு வரி இல்லை. உறுதி அவ்வளவு உறுதி.

மாற்று வாழ்வாதாரம் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. காட்டுப் பாசி எடுக்காதே, வளர்ப்புப் பாசி வளர்த்துக்கொள் என்று கப்பாஃபைகஸ் என்கிற பாசி வந்தது. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலைச் சேர்ந்தது. மண்டபத்தில் ஆராய்ச்சி நிலையம் பழக்கியெடுத்தது. பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் ஒன்று ஒப்பந்த முறையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்க வைத்தது. வங்கிக்கடன், சுய உதவிக் குழு, புகைப்படம் எல்லாம் ஆயிற்று. கவலைகள் எழுந்ததும், 2005இல் மாநில அரசு இதன் வளர்ப்பைப் பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் என்று ஒதுக்கியது. 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அத்துமீறி நுழைந்தது யார்? காலம் காலமாக வந்துபோன பெண்ணா, அவளுக்கு மாற்றாகக் கொண்டுவந்த பாசியா? 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்தார்கள். பூங்கா என்ற சொல்லின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். பாசி எடுக்கக் கூடாத இடமும் பூங்கா, பாசித் தொழிலைப் பெருக்கும் இடமும் பூங்கா.

இதற்கிடையில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திவிடுவது, இரும்புச் சுரண்டியைக் கைவிட்டுக் கையால் எடுப்பது என்று தாங்களே கூடி விதி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. விருது கிடைத்தது, கையெழுத்துப் போட்ட உரிமைச் சீட்டு கிடைக்கவில்லை. சந்தேகம் இருக்கிறது, ஆகவே குறைத்துக்கொள்வோம் என்று முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நடைமுறையில் செய்து காட்டிய அபூர்வமான தரப்பு இது. ரியோவுக்குப் போகாதவர்கள்.

6

‘அப்ப என்னய்யா, மீனவன் எல்லாம் நல்லவன், விஞ்ஞானி எல்லாம் கெட்டவனா?’ என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோனதும் உள்ளூர்க் கைகள்தான். 1983 சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தை நாட்டுப் படகுக்கு ஒதுக்கியது. அதை மீறுகிற விசைப்படகும், தடைசெய்த இரட்டைமடியும் தமிழனுடையதுதான். வல்லத்துக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் கடல் ஒன்றல்ல. விசைப்படகின் முதலாளிக்கும் அதில் போகிற கூலிக்கும்கூட ஒன்றல்ல. மீனவ சமுதாயம் என்று ஒருமையில் பேசுவதே ஒரு புனைவு. ஆனால் இழுவைமடியை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1950களில் கேரளத்தில் நார்வே உதவித் திட்டத்தோடு தொடங்கி, மானியமும் கடனும் கொடுத்து, இறால் ஏற்றுமதிக்காக வளர்த்துவிட்டது அரசின் கொள்கையும் அதன் மீன்வள அறிவியலும். இன்று அதே அரசு, அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்கள் என்று எழுவாயை ‘மீனவர்கள்’ ஆக்கி வாக்கியம் எழுதுகிறது. செயப்பாட்டு வினையின் சௌகரியம் எழுவாயை ஒளித்துக்கொள்வது. இங்கே எழுவாயையே மாற்றிவிட்டார்கள்.

நம் தமிழ்த்துறைகளின் நெய்தல் பெருமையும் இந்த இடத்தில் உதவாது. திணைக் கோட்பாட்டில் விலங்கும் பறவையும் தெய்வமும் தொழிலும் ஒரே கருப்பொருள் பட்டியலில் இருப்பது உண்மை. நிலத்தை மனிதர் இல்லாத இடமாக அது பார்க்கவில்லை என்பதும் உண்மை. அரசின் மண்டலப் பிரிவினையோடு வைத்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமல்ல. ஆனால் நெய்தலை இலக்கணமாக்கியவர்கள் கரையில் நின்று பார்த்தவர்கள். காத்திருக்கிற தலைவி அவர்களுக்குத் தெரிந்தாள். மூச்சடக்கி இறங்குகிறவள் தெரியவில்லை. ஆவுளியா என்று கடல்காரன் வைத்த பெயர் நமக்குத் தெரியாமல், கடல்பசு என்று மொழிபெயர்த்துப் பாடம் நடத்தினோம். 2022இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரை அந்த விலங்குக்காகக் காப்பகமாக அறிவித்தபோதுதான் நம்மில் பலர் அது இங்கே மேய்வதையே அறிந்தோம்.

அறிவியல் விஷயத்துக்கு வருகிறேன். அறிவியல் என்பது இன்னொரு கதையாடல், அதன் உண்மை என்பது அதிகாரத்தின் விளைவு என்று 90களில் நம்மிடையே பேசப்பட்டது. அந்தப் பேச்சு திறந்துவிட்ட கதவுகள் உண்டு. தர்ஸ்டனை அப்படித்தான் வாசிக்க முடிந்தது. ஆனால் சந்தேகம் என்கிற ஆயுதம் அதற்குள் கை மாறிவிட்டது. புகையிலைக் கம்பெனியும் எண்ணெய்க் கம்பெனியும் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக அறிவியலைச் சந்தேகிக்கின்றன. இன்னும் ஆய்வு தேவை, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதெல்லாம் இன்று மூலதனத்தின் மொழி. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் நீர் சூடேறிப் பவளம் வெளுத்ததை எந்தச் சொல்லாடலும் உற்பத்தி செய்யவில்லை. நீருக்குள் மூழ்கி, பார் பாராக அளந்து பதிவு செய்தவர்களால்தான் அது நமக்குத் தெரிகிறது. அந்த அளவைச் சந்தேகிப்பது இன்றைக்கு முற்போக்கு இல்லை.

ஆகவே, அறிவியல் வேண்டுமா வேண்டாமா என்பது தவறான கேள்வி. பவளம் வெளுத்ததற்குக் காரணம் கடல் வெப்பம், அதன் காரணம் கரி எரிப்பு என்று அறிவியல் உறுதியாகச் சொல்கிறது. அந்த உறுதி கொள்கைக்குள் வருவதற்குள் கரைந்துபோகிறது. ஒரு பெண் ஒரு நாளில் எடுக்கிற பாசியால் பார் எவ்வளவு பாதிக்கும் என்பதில் அறிவியலுக்கு உண்மையிலேயே சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகம் கொள்கைக்குள் போனதும் உறுதியாகிவிடுகிறது. ஆய்வறிக்கைக்கும் அறிவிக்கைக்கும் நடுவே நடக்கிற இந்த மொழிபெயர்ப்பில்தான் அரசியல் இருக்கிறது. விமர்சகனுக்கு வேலை இருப்பதும் அங்கேதான்.

7

என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. வாசிப்பவனாக மூன்று விஷயம் கேட்கத் தோன்றுகிறது. கடலோரத்தை, நதியை, ஏரியைப் பற்றி எந்த அறிவிக்கை வந்தாலும் அதன் தமிழ் வடிவம் முதலில் கரைக்கு வர வேண்டும். வட்டார மொழியில் பிரகடனம் என்று சட்டமே சொல்கிறது; யாரும் புதிதாகச் சலுகை கேட்கவில்லை. இரண்டாவது, அந்த அறிவிக்கை எந்த ஆய்வின்மேல் நிற்கிறதோ அதன் சந்தேகங்களும் அறிவிக்கையிலேயே எழுதப்பட வேண்டும். எது தெரியும், எது தெரியாது, தெரியாததன் பலன் யாருக்கு என்று. மூன்றாவது, உரிமை விசாரணை முடியும்வரை வேலியை யார் மேல் போடக் கூடாது என்பது முதலில் தீர்மானமாக வேண்டும். விசாரணை முடியவில்லை என்பது ஆலைக்குச் சாதகமான வாதமாக இருக்க முடியுமென்றால், வல்லத்துக்கும் வத்தைக்கும் பாசி மூட்டைக்கும் அது அதைவிட நல்ல வாதம்.

இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. ஒரு சட்டத்தை அது எழுதப்பட்ட வரிசையில் வாசியுங்கள் என்கிற கோரிக்கை. ஒன்றாம் உட்பிரிவிலிருந்து நாலாம் உட்பிரிவுக்குத் தாவாமல், நடுவில் இருப்பதை வாசியுங்கள். அங்கே பவளமும் இருக்கிறது, அதன் மேல் நடக்கிறவர்களும் இருக்கிறார்கள்.